ரயிலில் என்ன குடிப்பது? ஈரோட்டுக் கடைக்காரரின் பதில்கள்

ஈரோடு ஜங்ஷன் நடைமேடையில் பல ஆண்டுகள் குளிர்பானக் கடை நடத்தியவன் நான். கோடை விடுமுறைப் பயணங்கள் தொடங்கும் நேரம் என்பதால் நம் பக்கத்து ஊர்களிலிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): அண்ணா, சென்னை ரயிலில் பொவொண்டோ கேட்டால் கிடைப்பதே இல்லை. எப்போதும் அந்த இரண்டு பெரிய கம்பெனிச் சரக்குதான். ஏன்?

பதில்: தம்பி, ரயிலிலும் நடைமேடையிலும் ரயில்வே அனுமதித்த பிராண்டுகளைத்தான் விற்க முடியும். அதற்கு மேல் குளிர்பதனப் பெட்டி ஒரு காரணம். பெரிய கம்பெனிகள் கடைக்குப் பெட்டியை இலவசமாகத் தரும். அதில் அவர்களுடைய பாட்டிலை மட்டுமே அடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிறிய கடையில் இரண்டாவது பெட்டிக்கு இடம் ஏது? பொவொண்டோவைத் தயாரிக்கும் காளிமார்க் 1916-இல் விருதுநகரில் தொடங்கிய நிறுவனம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச் முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, அதுவரை பொவொண்டோவைத் தொடாதவர்களும் கேட்டு வாங்கினார்கள். அந்தத் திராட்சைச் சுவை எனக்கும் மிகவும் பிடிக்கும். வேண்டுமென்றால் ஊர்க் கடையில் வாங்கி, ஈரத்துணி சுற்றிப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (பெருந்துறை): எங்கள் வீட்டில் கோக் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகத் தம்ஸ் அப், லிம்கா வாங்குகிறோம். சரிதானே?

பதில்: உங்கள் ஊரின் மனது எனக்குத் தெரியும். பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் கோக் ஆலைக்கு ஒதுக்கிய நிலத்தை, விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2015-இல் ரத்து செய்தார்கள். நிலத்தடி நீருக்காக நடந்த அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: தம்ஸ் அப் இப்போது கோக்குடையது. கோக் இந்தியாவை விட்டு வெளியேறிய 1977-இல் பார்லே கொண்டுவந்த பானம் அது. 1993-இல் திரும்பி வந்த கோக், தம்ஸ் அப், லிம்கா, மாஸா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கிவிட்டது. ஸ்ப்ரைட், ஃபேன்டா, கின்லே தண்ணீர் எல்லாமே அதே வீடுதான். செவன் அப், மிரிண்டா, மவுண்டன் டியூ, ஸ்லைஸ், அக்வாஃபினா ஆகியவை பெப்சியுடையவை. இரண்டும் வேண்டாம் என்றால் ஃப்ரூட்டி இருக்கிறது, அது பார்லே அக்ரோவின் தயாரிப்பு. கேம்பா கோலாவை 2022-இல் ரிலையன்ஸ் வாங்கி மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. தண்ணீருக்கு ரயில் நீர் போதும், அது ரயில்வேயின் ஐஆர்சிடிசி நிறுவனத் தயாரிப்பு. லேபிளின் பின்பக்கம் சிறிய எழுத்தில் தயாரிப்பாளர் பெயர் இருக்கும்; முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

கேள்வி (கோபி): ஒரு லிட்டர் ரயில் நீருக்கு 20 ரூபாய் கேட்கிறார்கள். சில்லறை இல்லை என்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் அம்மணி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு லிட்டர் 14 ரூபாய், அரை லிட்டர் 9 ரூபாய். ‘குளிரூட்டியதற்குத் தனியாக’ என்று ஒரு கணக்கும் கிடையாது, அச்சிட்ட விலைக்குள் எல்லாம் அடக்கம். மீதியைக் கேட்டும் தரவில்லையென்றால் ரயில் எண், பெட்டி எண், விற்றவருடைய பேட்ஜ் எண் மூன்றையும் குறித்துக்கொண்டு ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள். நேர்மையாக விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இது நல்லதுதான். வாங்கும்போதே மூடிக்குக் கீழே இருக்கும் வளையத்தைப் பாருங்கள். திருகும்போது ‘சட சட’ என்று பிரிய வேண்டும். சத்தமில்லாமல் சுழன்றால் அது மறுபடி நிரப்பிய பாட்டில், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (கரூர்): சித்திரை வெயிலில் ஸ்லீப்பர் பெட்டியில் வருகிறோம். கோலா குடித்தாலும் தாகம் அடங்கவில்லையே?

பதில்: அடங்காது. கோலாக்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை. 600 மில்லி பாட்டிலை ஒருவரே காலி செய்தால் 60 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை இனிப்பு உள்ளே போனால் நாக்கு மறுபடி தண்ணீர்தான் கேட்கும். கரூர், ஈரோடு, சேலம் மூன்றும் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள். கோலா வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சின்ன பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். தாகத்துக்கு உப்புப் போட்ட மோர்தான் என் முதல் சிபாரிசு. ஆவின் மோர் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் தண்ணீராகக் கரைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, காலையிலேயே குடித்து முடித்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): பாட்டிலைத் திறந்தால் பொங்கிச் சட்டையெல்லாம் நனைந்துவிடுகிறது.

பதில்: சூடேறினால் கரியமில வாயு திரவத்தில் தங்காது, ரயில் குலுக்கலும் சேர்ந்துகொள்ளும். இரண்டு நிமிடம் நேராக வைத்திருந்து, மூடியைக் கால் சுற்று திருகி, காற்றை விட்டுவிட்டுத் திறங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): ஐயா, போன முறை பயணத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கடையில் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று கேட்டு, டப்பாவில் அடைத்த பழச்சாறு மாதிரி ஒன்றைக் கொடுத்தோம். அது சரியா?

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை எல்லாத் தாய்மார்களும் படிக்க வேண்டும். பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொண்டு சர்க்கரைப் பானங்கள் வெகுகாலம் விற்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை இல்லாத எதிலும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். மருந்துக் கடையில் விற்கும் உண்மையான ஓஆர்எஸ் தூள் பாக்கெட் இரண்டைக் கைப்பையில் எப்போதும் வைத்திருங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும், பாதியாகக் கிள்ளிப் போடக் கூடாது. ஒரு லிட்டர் ரயில் நீர் பாட்டிலே அளவுப் பாத்திரம்: திறந்ததும் ஒரு வாய்கூடக் குடிக்காமல், தூளைக் கொட்டி, மூடிக் குலுக்குங்கள். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மீந்ததை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். குழந்தை துவண்டு போனால் காத்திருக்காமல் 139-இல் மருத்துவ உதவி கேளுங்கள்.

கேள்வி (கோவை): வந்தே பாரத்தில் போகப் போகிறேன். எனக்குச் சர்க்கரை நோய். டீ குடிக்கலாமா?

பதில்: அங்கே பொடியும் வெந்நீரும் தருவார்கள். பால், டீ, சர்க்கரை மூன்றும் கலந்த பொடியாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள், சர்க்கரை இல்லாததைக் கேளுங்கள். தண்ணீர் அரை லிட்டர் தருவார்கள். இன்னும் வேண்டுமென்றால் மற்றோர் அரை லிட்டர் கட்டணமில்லாமல் உண்டு, கேட்கத் தயங்க வேண்டாம். ஃபில்டர் காபிக்குப் பழகியவர் என்றால் வீட்டிலேயே குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): ஊட்டி மலை ரயிலில் வரும் விருந்தினர்களுக்குக் கூல்டிரிங்க்ஸ் வாங்கி வைக்கலாமா?

பதில்: பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். நீலகிரி மாவட்டத்தில் அடைத்த தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். குன்னூரில் இறங்கினால் சூடான டீ கிடைக்கும்.

கேள்வி (உடுமலை): எங்கள் தோப்பு நீராவை (தென்னம்பாளையில் இறக்கும் புளிக்காத சாறு) சென்னையில் இருக்கும் மகளுக்கு ரயிலில் கொண்டுபோகலாமா?

பதில்: ஐஸ் பெட்டி இருந்தால் மட்டும். வெளிச் சூட்டில் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். இளநீர்க் குலையாகக் கொண்டுபோங்கள், சீவாமல்.