வாப்பாவின் நின்றுபோன மணிக்கூடு ஓடியது பற்றி

மணிக்கூட்டை ஓட வைத்தது மனசக்தி இல்லை, உங்கள் வாப்பாவின் கைச்சூடுதான். மனசக்தியால் கரண்டியை வளைப்பதாகவும் நின்ற மணிக்கூட்டை ஓட வைப்பதாகவும் சொல்லிக்கொண்ட யூரி கெல்லரின் பழைய வீடியோவைப் பார்த்தபடி பத்து நிமிடம் பொத்திப் பிடித்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும்.

சாவி கொடுக்கும் மணிக்கூடு பெரும்பாலும் உடைந்து நிற்பதில்லை. உள்ளே எண்ணெய் இறுகி, தூசு சேர்ந்து நிற்கும். கல்முனைக் கடற்காற்றில் வருடக்கணக்காக அலுமாரிக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம். சூடு பட்டதும் எண்ணெய் இளகும், அசைவில் சக்கரம் விடுபடும். நியூசிலாந்தில் இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தபோது, நின்ற மணிக்கூடுகளில் பாதிக்கு மேல் கையில் வைத்திருந்ததிலேயே ஓடின.

நீங்களும் பாருங்கள். மாமாவிடம் இன்னொரு நின்ற மணிக்கூடு வாங்கி, வீடியோ எதுவும் போடாமல், சாவி கொடுத்துக் கைக்குள் பொத்தி இடைக்கிடை மெதுவாக ஆட்டுங்கள். பற்றரி மணிக்கூடு இதற்குச் சரிவராது.

ஒன்று கவனம். வாப்பாவிடம் "ஏமாந்துபோனீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். செக்கன் முள் நடுங்கி நடுங்கி நகர்ந்ததை அவர் கண்டது உண்மை, காரணம்தான் வேறு. 1973இல் ஜானி கார்சனின் அமெரிக்க டீவி நிகழ்ச்சியில், பொருட்களை நிகழ்ச்சிக்காரர்களே ஏற்பாடு செய்தபோது கெல்லரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகும், "வித்தைக்காரன் என்றால் தவறவே மாட்டான், இவர் தவறினாரே, அப்ப சக்தி உண்மைதான்" என்று நம்பினவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நம்பிக்கையை வாதாடி அசைக்க ஏலாது. டீவியை நிறுத்திவிட்டு, மாமாவின் மணிக்கூட்டை வாப்பாவின் கையிலேயே கொடுங்கள்.