மித்ஹத் பாஷா கொண்டுவந்த அரசியலமைப்பை வைத்தே அவரை நாடுகடத்தினார்கள் என்கிறார்களே, உண்மையா? அவர் அப்படி என்னதான் செய்தார்?

உண்மைதான். உதுமானியப் பேரரசின் முதல் அரசியலமைப்பு 1876 டிசம்பர் 23 அன்று வெளியானது. அதன் 113-ஆவது பிரிவின் கடைசி வரிகள், காவல்துறை விசாரணையில் அரசின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று தெரிபவரை நாட்டை விட்டு வெளியேற்றும் உரிமையைச் சுல்தானுக்கு மட்டும் தந்தன. நீதிமன்றத்துக்கு அதில் இடமே இல்லை. 1877 பிப்ரவரி 5 அன்று, நாடாளுமன்றம் முதன்முறை கூடுவதற்கு ஆறு வாரம் முன்பே, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அந்தப் பிரிவின்படி பிரதம வசீரான (பிரதமர் போன்ற பதவி) மித்ஹத்தைக் கப்பலேற்றி இத்தாலிக்கு அனுப்பினார்.

அந்த வரிகள் கூடாது என்று எழுத்தாளர் நாமிக் கெமால் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். சுல்தானோ அவை இல்லாமல் கையெழுத்திட மறுத்தார். மித்ஹத் இணங்கியதற்குக் காரணம் நேர நெருக்கடி. பால்கன் மாகாணங்களின் நிர்வாகத்தை மாற்றச் சொல்லி ஐரோப்பிய வல்லரசுகள் நடத்திய மாநாடு இஸ்தான்புல்லில் அதே டிசம்பர் 23 அன்று முறைப்படி தொடங்கியது. 'எல்லாக் குடிகளுக்கும் நாங்களே உரிமை கொடுத்துவிட்டோம், உங்கள் திட்டம் தேவையில்லை' என்று சொல்ல, அன்றைக்கே கையில் ஓர் அரசியலமைப்பு வேண்டியிருந்தது. அவர் இணங்கியது தவறு என்பதே என் கருத்து. வல்லரசுகள் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. ஏப்ரலில் ரஷ்யா போர் தொடுத்தது. 1878-இல் சுல்தான் நாடாளுமன்றத்தையும் மூடிவிட்டார்.

பிறகு மித்ஹத்தைத் திரும்ப அழைத்துச் சிரியாவுக்கும், அடுத்து இஸ்மிருக்கும் ஆளுநராக்கினார்கள். 1881-இல், முன்னாள் சுல்தான் அப்துல் அஜீஸைக் கொலை செய்ய உடந்தை என்று வழக்கு. அப்துல் அஜீஸ் மணிக்கட்டு இரத்தக் குழாயை வெட்டித் தற்கொலை செய்துகொண்டார் என்று 1876-இலேயே மருத்துவர்கள் குழு அறிக்கை கொடுத்திருந்தது. ஆனாலும் யில்திஸ் அரண்மனை வளாகத்தில் நடந்த விசாரணையில் மரண தண்டனை விதித்தார்கள். அது ஆயுள் சிறையாகி, அரபு நாட்டின் தாயிஃப் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1884-இல் அங்கேயே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

பலரும் அவர் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. இரண்டு தடவையும் சேர்த்து அவர் பிரதம வசீராக இருந்தது சில மாதங்கள்தான். 1861 முதல் 1872 வரை பெரும்பகுதி மாகாண ஆளுநர்.

நீஷ் மாகாணத்தில் விவசாயிகள் வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடந்தார்கள். அரசுக் கருவூலத்தில் கடன் கொடுக்கப் பணம் இல்லை. 1863-இல் பிரோத் என்ற ஊரில் (இன்றைய செர்பியா) மித்ஹத் ஒரு வழி கண்டார். ஊரார் கூடிப் பொது நிலத்தில் உழுது விதைத்து அறுக்க வேண்டும்; விளைச்சலை விற்ற பணம் ஊர் நிதிப் பெட்டிக்குப் போகும். அதுதான் மூலதனம். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஊரார் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள்: இரண்டு முஸ்லிம்கள், இரண்டு கிறிஸ்தவர்கள். பிணையோ அடமானமோ பெற்றுக்கொண்டு மாதம் நூற்றுக்கு ஒரு வட்டியில் கடன். தவணை அதிகபட்சம் ஓராண்டு. லாபத்தில் ஒரு பகுதி பள்ளி, சாலை, பாலம் போன்ற பொது வேலைக்குப் போகும். 1867-இல் இதற்குப் பேரரசு முழுவதற்குமான விதிமுறை வந்தது. இந்தப் பெட்டிகளின் வழியில்தான் 1888-இல் ஸிராஅத் வங்கி பிறந்தது. துருக்கியின் பெரிய வங்கிகளில் ஒன்றாக இன்றும் இயங்குகிறது.

அடுத்து 1864 முதல் 1868 வரை, ருஸ்சுக்கை (இன்றைய பல்கேரியாவின் ரூசே) தலைநகராகக் கொண்ட தன்யூப் மாகாணம். சாலைகள், பாலங்கள், ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளிகள், துருக்கியிலும் பல்கேரிய மொழியிலும் 'தூனா' செய்தித்தாள். பல்கேரியக் கிளர்ச்சியாளர்களை இரக்கமின்றி ஒடுக்கியவரும் இவரே. அதை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது.

1869 முதல் 1872 வரை பாக்தாத். 'ஸவ்ரா' செய்தித்தாள், பாக்தாதுக்கும் காசிமியாவுக்கும் இடையே குதிரை டிராம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. ஆனால் அங்கே அவருடைய முக்கியமான திட்டம் சறுக்கியது. 1858 நிலச் சட்டப்படி, உழுகிறவன் பெயரிலேயே நிலத்தைப் பதிந்து பட்டா கொடுத்தால் பழங்குடிகள் ஊன்றி விவசாயம் செய்வார்கள், வரியும் ஒழுங்காக வரும் என்பது கணக்கு. பழங்குடிகளுக்கோ நிலம் குலத்தின் பொதுச் சொத்து. பேரேட்டில் பெயர் ஏறினால் வரியும் பட்டாளமும் தேடி வரும் என்று பயந்து பலர் ஒதுங்கினார்கள். குலத் தலைவர்களான ஷேக்குகளும் நகர வியாபாரிகளும் முந்திக்கொண்டு தங்கள் பெயரில் பதிந்தார்கள். தெற்கே முந்தஃபிக் பகுதியில் நிலம் சாதூன் குடும்பத்தின் கைக்குப் போனது. தலைமுறைகளாக உழுதவர்கள் அந்த மண்ணிலேயே குத்தகைக்காரர்கள் ஆனார்கள். அந்தத் தகராறு அடுத்த நூற்றாண்டிலும் ஓயவில்லை.