ஒப்புக்கொடுத்த பிறகும் தூக்கம் வரவில்லை என்றால்

கேள்வி: குடியை விட்டு 70 நாள் ஆகிறது. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. சீட்டுக் கடன் பாக்கி, அண்ணன் பேசுவதில்லை, மகள் முகம் கொடுப்பதில்லை. "எல்லாத்தையும் கர்த்தர் பாதத்துல வச்சிடு" என்கிறார் சபை ஐயர். வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். இரண்டு மணிக்கு விழித்தால் அத்தனையும் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எப்படித்தான் வைப்பது?
காட்பாடி வாசகர்

பதில்: "எல்லாத்தையும்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால், எதை வைத்தோம் என்று மனசுக்கே தெரியாது. ராத்திரி அவிழ்த்துப் பார்க்கும். பேர் சொல்லி ஒவ்வொன்றாக வையுங்கள்.

ஒரு சிக்கலுக்கு ஒரு தாள். நடுவே கோடு. இடப்பக்கம் உங்கள் கையால் ஆகிற வேலை, வலப்பக்கம் ஆகாதது. சம்பளத்தன்று சீட்டுக்கு இவ்வளவு கட்டுவது இடப்பக்கம். கடன்காரர் பொறுப்பாரா என்பது வலப்பக்கம். சாயங்காலம் நேரத்துக்கு வீடு திரும்புவது உங்கள் வேலை. மகள் என்றைக்கு "அப்பா" என்பாள் என்பது உங்கள் வேலையல்ல. கோட்டோடு கிழியுங்கள். வலப்பக்கத்தை வாய்விட்டு வாசித்து ஜெபித்து, தேதி போட்டு, மூடியுள்ள டப்பா ஒன்றில் போடுங்கள். இடப்பக்கம் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அலசக் கூடாது. "அது டப்பாவில இருக்கு ஆண்டவரே" என்பதோடு சரி. பத்து முறை வந்தால் பத்து முறையும் அதேதான். இது விசுவாசக் குறைவல்ல. குடியை விட்ட முதல் சில மாதங்கள் பலருக்கும் தூக்கம் கெட்டுத்தான் கிடக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து கால்மணி நேரம் மட்டும் டப்பாவைத் திறக்கலாம்.

பலர் சறுக்குவது பொருத்தனையில், அதாவது நேர்ந்துகொள்வதில். "இந்த மாசத்துக்குள்ள அண்ணன் பேசிட்டா காணிக்கை" என்பது பேரம். தேதி தாண்டினால் கோபம்; கோபத்துக்கும் டாஸ்மாக்குக்கும் தூரம் அதிகமில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார், கெடு வைக்கவில்லை.

ஒப்புக்கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்பதும் தப்பு. குடியை விடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளில் கடவுளிடம் ஒப்படைப்பது மூன்றாவதுதான். புண்பட்டவர்களைப் பட்டியலிடுவது எட்டாவது. அவர்களுக்கு வேறு கெடுதல் வராதபடி நேரில் ஈடுசெய்வது ஒன்பதாவது. அண்ணனிடம் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலுக்காக வாசலில் நிற்காமல் வந்துவிடுங்கள்.

குடியை விட டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால், அது மட்டும் டப்பாவுக்குள் போகக் கூடாது. விடுதலை கிடைத்துவிட்டது என்று தோன்றினாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். குடியை விட்டு விலகியிருக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிடுகிறவர் அதோடு சாராயமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒருவேளை தவறி, பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் கை நடுங்கிப் பிதற்றலும் வரலாம். அப்போது வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜெபிப்பவர்கள் ஆட்டோவில் கூட வரட்டும். தொடர் சிகிச்சைக்குப் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் உங்களுக்குப் பக்கம்தான். ஆலோசனைக்கு மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446.