பேனாவில் ஜன்னல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் கட்டையைச் சுழற்றிக் கடையும் சின்ன லேத் ஒன்று வாங்கி மரப் பேனா கடைய ஆரம்பித்தேன். சாதாரணப் பேனா இப்போது கைக்குப் பிடிபட்டுவிட்டது. பேனாவின் உடம்பில் இலை வடிவத்தில் துளை வெட்டி, உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் தெரியும்படி செய்ய ஆசை. கட்டையில் வெட்டிவிட்டு லேத்தில் ஏற்றினால் இலையின் ஓரமெல்லாம் சிராய் பெயர்ந்து போகிறது. பித்தளையும் கீறல் கீறலாகத் தெரிகிறது. ஒன்றின் கீழ் ஒன்றாக இலைகள் வெட்டிய மூன்றாவது பேனா, முடியும் நேரத்தில் உடைந்தே போனது. கடைந்து முடித்த பிறகு வெட்டலாமா? இல்லை, இந்த ஆசையே வீண்தானா?

க.

அன்புள்ள க.,

ஆசை வீணில்லை. நீங்கள் மூன்றில் கடிதம் எழுதிவிட்டீர்கள், நான் யாரையும் கேட்காமல் ஒன்பது உடைத்தேன்.

ஓரம் பெயர்வதற்கு உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். துளை வரும்போது உளியின் அடியில் மரம் இல்லை. அடுத்த நொடிக்குள் எதிர் ஓரம் வந்து அதில் முட்டுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று, எதிரெதிரே இரண்டு துளை என்றால் 4000 முட்டு. கருங்காலி பார்க்க இரும்பு மாதிரி இருந்தாலும் இந்த இடத்தில் கண்ணாடிதான். அதனால் வெறும் துளையை லேத்தில் ஏற்றாதீர்கள். முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

பித்தளை தெரிய வேண்டும் என்பதால், இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசினான எபாக்ஸியில் தெளிந்த வகைதான் சரி. கட்டையில் குழாய்க்காக நீளவாக்கில் 7 மி.மீ. துளை போட்டு, இலையை வெட்டி, குழாயை ஒட்டி, பிறகு இலைக்குள் எபாக்ஸி ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகை வேண்டாம், குமிழி வெளியேற அதில் நேரம் இல்லை. மெதுவாக இறுகுவதை வாங்கி ஒரு நாள் விடுங்கள். அப்புறம் உளிக்கு அது ஒரே கட்டைதான். உப்புத்தாள் போடும்போது மட்டும் சூடேற விடாதீர்கள், எபாக்ஸி இளகும்.

கீறல் விஷயம் வேறு. பசை பிடிப்பதற்காகக் குழாயை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு ஒட்டுவோம் இல்லையா, நீங்கள் பார்ப்பது அந்தத் தேய்ப்பைத்தான்! இது எனக்கு உறைக்கவே நாலு பேனா ஆயிற்று. ஜன்னலுக்குப் பின்னால் வரும் பகுதியில் டேப் சுற்றிவிட்டு மீதியை மட்டும் தேயுங்கள். டேப்பை எடுத்ததும் அந்த இடத்தைப் பளபளப்பாக்கி, கறுக்காமல் இருக்க மெல்லிய லாக்கர் பூச்சு கொடுங்கள். குழாயை உள்ளே தள்ளும்போது பசை ஜன்னல் வழியாகப் பிதுங்கும். இறுகும் முன்பே பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட வேண்டும். பித்தளை நிறம் அலுத்துவிட்டால் அந்த இடத்தில் கறுப்பு பெயின்ட் அடித்துப் பாருங்கள். எனக்கு இப்போது அதுதான் அதிகம் பிடிக்கிறது.

மூன்றாவது பேனா உடைந்தது மரத்தின் ரேகையால். பேனாவில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது. இரண்டு இலைகளுக்கு நடுவே மிஞ்சுகிற வளையத்தில் அது துண்டு துண்டாகத்தான் இருக்கும், பலம் கிடையாது. ஒன்றின் கீழ் ஒன்றாக வெட்டினால் நடுவே ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள். இலைக்குப் பக்கவாட்டில் நீளமாக மிஞ்சும் மரத் தூண்கள் ஒல்லியாக இருந்தாலும் தாங்கும். இலையின் அகலம் 4 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் நேராக வெட்டிய ரம்பம் குழாயின் வளைவைத் தாண்டி ஓரத்தைச் சாப்பிட ஆரம்பிக்கும்.

கடைந்த பிறகு வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். ஒல்லி வகைப் பேனாவில் மர உடம்பு முடியும் இடத்தில் வெளிவிட்டம் 8 மி.மீ.க்குச் சற்று மேல், குழாய் 7. மிஞ்சும் சுவர் அரை மி.மீ. சொச்சம். அங்கே ஊசி அரம் வைப்பது தற்கொலை. வயிற்றுப் பகுதி தடிமனாக இருந்தால் முடியும்தான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் திறந்த குழியில் விரல் அழுக்கு சேர்கிறது, எழுதும்போது ஓரம் உறுத்துகிறது. மேஜையில் வைத்துப் பார்க்க மட்டும் என்றால் சரி.

உடைந்த மூன்றாவதைத் தூக்கிப் போடாதீர்கள். மிச்சத் துண்டில் எபாக்ஸி ஊற்றிப் பழகுங்கள். இறுகும் அந்த ஒரு நாள் லேத் பக்கம் போகாமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.