வாசகர் கேள்வி பதில்: ஸ்டோன்ஹெஞ்ச் பாத்தாச்சு, வில்ட்ஷயர்ல அடுத்து என்ன?

கேள்வி: போன மாசம் குடும்பத்தோட ஸ்டோன்ஹெஞ்ச் போனோம். கல்லுலேருந்து தள்ளி நின்னு சுத்திப் பாத்துட்டு வந்ததோட முடிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் திரும்பப் போற அளவுக்கு வேற ஏதாவது இருக்கா? நல்லா நடக்கணும், அதான் ஆசை.
– வாசகி, ரெடிங்

பதில்: ஏவ்பரிக்குப் போங்கம்மா, தயவுசெஞ்சு போங்க. ஸ்டோன்ஹெஞ்ச்ல இருந்து வடக்கே கார்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெளி வட்டத்தோட விட்டம் மட்டும் சுமார் 330 மீட்டர், உலகத்துலயே பெரிய கல்வட்டம் அதுதான். வட்டத்துக்குள்ளயே பாதி கிராமம் இருக்கு, ரோடு போகுது, பப் இருக்கு, கல்லுங்களுக்கு நடுவுல ஆடு மேயுது, நீங்க பாட்டுக்கு பக்கத்துல போய்த் தொட்டுப் பாக்கலாம், கல்லைப் பாக்க டிக்கெட்டும் கிடையாது. 1649ல வேட்டைக்குப் போன எடத்துல ஜான் ஆப்ரிங்கற பழம்பொருள் ஆராய்ச்சியாளர் இதைப் பாத்துட்டு, பெரிய கதீட்ரலுக்கு முன்னாடி ஊர் சர்ச் எப்படியோ அப்படித்தான் இதுக்கு முன்னாடி ஸ்டோன்ஹெஞ்ச்னு சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான்.

ஆனா வட்டத்தோட நிறுத்திட்டு திரும்பிடாதீங்க. தெற்குப் பக்கமா வெஸ்ட் கென்னெட் அவென்யூன்னு ரெண்டு வரிசைக் கல்லுக்கு நடுவுல பாதை போகும், அதுல நடந்து மேட்டைத் தாண்டினா சில்பரி ஹில் தெரியும், அது இயற்கையான மலை இல்லை, கி.மு. 2400 வாக்கில மனுஷங்க மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கொட்டி எழுப்பினது, மேல ஏற அனுமதி இல்லை, கீழ இருந்து பாக்கறதே போதும். அங்கேருந்து ஏ4 ரோட்டைத் தாண்டி (வண்டிங்க பறக்கும், புள்ளைங்க கையைப் புடிச்சுக்குங்க) வயல் வழியா மேல ஏறினா வெஸ்ட் கென்னெட் லாங் பேரோ. கி.மு. 3650 வாக்கில கட்டின கல்லறை, சுமார் 100 மீட்டர் நீளம், குறைஞ்சது 36 பேரோட எலும்பு கிடைச்சிருக்கு. உள்ளேயே போய் நிக்கலாம், டார்ச் எடுத்துட்டுப் போங்க. இது எல்லாம் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்கற இடங்க, கார்ல ஒவ்வொண்ணா இறங்கிப் பாத்தா அந்தத் தொடர்பு புரியவே புரியாது, நடந்தாதான் புரியும். சாவகாசமா நடக்க அரை நாள் வச்சுக்குங்க.

கேள்வி: ஏவ்பரி போட்டோல நிறைய எடத்துல கல்லுக்குப் பதிலா சின்ன கான்கிரீட் தூண் நிக்குதே, ஏன்?
– வாசகர், லெஸ்டர்

பதில்: அது எல்லாம் காணாமப்போன கல்லோட எடம். 14ஆம் நூற்றாண்டு வாக்கில ஊர்க்காரங்க நிறைய கல்லைக் குழி தோண்டிச் சாய்ச்சுப் புதைச்சாங்க. 17, 18ஆம் நூற்றாண்டுல இன்னும் மோசம், கல்லுக்கு அடியில நெருப்பு மூட்டி நல்லா சூடானதும் தண்ணி ஊத்தி சுத்தியலால அடிச்சு உடைச்சு வீடு கட்டிட்டாங்க, அந்தக் கிராமத்துச் சுவர்ல இன்னிக்கும் அந்தக் கல்லு இருக்கு. வில்லியம் ஸ்டூக்லிங்கற இன்னொரு பழம்பொருள் ஆராய்ச்சியாளர் 1720கள்ல வந்து வரைஞ்சு வைக்கலைன்னா எத்தனை கல்லு இருந்துச்சுன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது. 1930கள்ல அலெக்சாண்டர் கீலர், மார்மலேட் வியாபாரக் குடும்பத்து ஆளு, புதைச்ச கல்லைத் தோண்டி நிமிர்த்தினார், இல்லாத எடத்துல தூண் நட்டார். 1938ல ஒரு கல்லுக்கு அடியில ஒரு ஆளோட எலும்புக்கூடு, கூடவே கத்தரிக்கோல், 14ஆம் நூற்றாண்டுக் காசு. முடிவெட்டி வைத்தியமும் பாக்கறவரா இருக்கும்னு சொல்றாங்க. கல்லைச் சாய்க்கும்போது அடியில மாட்டிக்கிட்டார்னு ரொம்ப நாள் நம்பினாங்க, பிற்பாடு எலும்பை மறுபடி ஆராய்ஞ்சதுல அதுக்கு ஆதாரம் இல்லைன்னு ஆச்சு. அந்தக் கல்லு இப்ப நிமிர்ந்து நிக்குது, தேடிப் பாருங்க.

கேள்வி: அடுத்தவங்க வயலுக்குள்ள நடந்து போறது எனக்கு சங்கடமா இருக்கு. யாராவது திட்ட மாட்டாங்களா?
– வாசகர், குரோய்டன்

பதில்: பப்ளிக் ஃபுட்பாத்னு பலகை இருந்தா அதுல நடக்கறது உங்க சட்ட உரிமை, கூச்சமே வேண்டாம். மஞ்சள் அம்பு நடக்கறவங்களுக்கு, நீல அம்புன்னா குதிரையும் சைக்கிளும்கூட வரும். பாதையை விட்டு விலகாதீங்க, கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போங்க, கன்னுக்குட்டியோட மாடு நின்னா நல்லா தள்ளிப் போங்க. போன் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 157 மேப் ஒண்ணு வாங்கிக்குங்க, பச்சை நிறத்துல விட்டு விட்டுப் போற சின்னக் கோடுதான் நடைபாதை.

கேள்வி: எங்ககிட்ட கார் இல்லை. அப்பாவுக்கு முட்டி வலி வேற. ஏவ்பரி சரிப்படுமா?
– வாசகி, லண்டன்

பதில்: தாராளமா. பேடிங்டன்ல இருந்து ஸ்விண்டனுக்கு ரயில்ல ஒரு மணி நேரம் வாக்கில, அங்கேருந்து 49ஆம் நம்பர் பஸ் ஏவ்பரி கிராமத்துலயே இறக்கி விடும், ஞாயித்துக்கிழமைன்னா டைம் டேபிளை முன்னாடியே பாத்துடுங்க. அப்பாவை வட்டத்தைச் சுத்தி இருக்கற மண் கரை மேல ஏத்தாதீங்க, அது செங்குத்து. கீழ புல்லுல கல்லோரமா மெதுவா நடக்கட்டும், பெரிய கல்லுங்க எல்லாம் அங்கயே இருக்கு. மழை பெஞ்ச மறுநாள் மட்டும் வேண்டாம், அந்தச் சுண்ணாம்பு மண்ணு ரொம்ப வழுக்கும்.