மெடிக்கல் போர்டு 'நானா' என்று எழுதிவிட்டால் டிஸெபிலிட்டி பென்ஷன் அவ்வளவுதானா?

கேள்வி: என் கணவர் 17 வருடம் ராணுவத்தில் இருந்து 2019-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். அதில் இரண்டரை வருடம் காஷ்மீரில் குப்வாரா பக்கம் ஆர்.ஆர். (ராஷ்ட்ரிய ரைபிள்ஸ், தீவிரவாத எதிர்ப்புப் படை) பட்டாலியன். அங்கிருந்து ஜபல்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு தூக்கம் போனது, பட்டாசுச் சத்தம் கேட்டாலே பதறுவார், குடியும் சேர்ந்துகொண்டது. பணியிலிருந்து விடுவிக்கும்போது கூடும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) 40 சதவீதம் என்று போட்டுவிட்டு, 'நானா' (வியாதிக்கும் சர்வீஸுக்கும் சம்பந்தமில்லை) என்று எழுதி டிஸெபிலிட்டி பென்ஷன் இல்லை என்றார்கள். இப்போது ஒருவர், புது சர்ட்டிபிகேட் வாங்கி 100 சதவீதம் ஆக்கித் தருகிறேன், வருகிற அரியரில் 30 சதவீதம் எனக்கு என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். அவர் வக்கீலாக இருந்தால், ஜெயித்து வரும் பணத்தில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு. வக்கீல் இல்லையென்றால் இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் உங்களுக்காக நிற்கவே அவரால் முடியாது, பின்னே எதற்கு 30 சதவீதம்? முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிற ஊரிலெல்லாம் டீக்கடை பெஞ்சில் இப்படி ஒருவர் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார். 'மேலே ஆள் இருக்கு' என்பார். மேலே ஆளும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவர் சொல்லும் புது சர்ட்டிபிகேட்டும் வீண் செலவு. பணியிலிருந்து வெளியே வரும்போது போர்டு போட்ட சதவீதத்தைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள், தனியார் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்து அதை ஏற்ற மாட்டார்கள். உங்கள் விஷயத்தில் ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. 20 சதவீதம் இருந்தாலே போதும், உங்களிடம் 40 இருக்கிறது. பென்ஷன் அனுமதியானால் அந்த 40-ஐ 50 ஆக்கிக் கொடுக்க வேண்டும். சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்கு இதுதான்: 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், ஆகவே 50-க்கு 15 சதவீதம். கணக்கில் வரும் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 7,500, அதற்குமேல் அகவிலைப்படி. இப்போது வாங்குகிற சர்வீஸ் பென்ஷனோடு சேர்ந்து வரும்.

ஆகவே சண்டை சதவீதத்தில் இல்லை, 'நானா'வில்தான். வியாதி சர்வீஸால் வரவும் இல்லை, சர்வீஸால் கூடவும் இல்லை என்பது அதற்கு அர்த்தம். ஏன் அப்படி எழுதினார்கள் என்பதை என்னால் கிட்டத்தட்டப் பார்க்காமலே சொல்ல முடியும்: 'பீஸ் ஸ்டேஷனில் (சண்டை இல்லாத அமைதிப் பகுதியில்) ஆரம்பித்தது.' போர்டு ஃபாரத்தின் முதல் பகுதியில் எந்த வருடம் எங்கே இருந்தார் என்று ஒரு கட்டம் இருக்கும், ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் நேராக பீஸா ஃபீல்டா (களப் பகுதியா) என்று ஒரே ஒரு எழுத்து. அதற்குக் கீழே, வியாதி முதலில் எப்போது, எங்கே தெரிந்தது என்ற கேள்வி. ஜபல்பூர் என்று எழுதியிருப்பார்கள், அது பீஸ், முடிந்தது கதை. கட்டத்தில் ஒரு வரி மேலே போனால் குப்வாரா இருக்கிறது. அதைப் படிக்க யாருக்கும் நேரமில்லை.

இந்த வியாதி அடிபட்ட அன்றைக்கே காட்டுகிற வியாதி இல்லை. ஆறு மாதம் கழித்து, அதற்கும் அப்புறம் வெளிப்படுவது உண்டு என்று மனநல மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன. ராணுவ டாக்டர்களுக்கான பென்ஷன் வழிகாட்டியும், தீவிரவாத எதிர்ப்புப் பணி, உயர்மலை, ஒதுக்குப்புறமான போஸ்ட், சடலங்களுக்கு நடுவே வேலை பார்த்த பேரிடர்ப் பணி இதிலெல்லாம் இருந்தவருக்கு மனநோய் வந்தால் அதை சர்வீஸோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் பெரிது: சேரும்போது வியாதி இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் ஆள் நல்ல ஆரோக்கியத்தோடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், நிரூபிக்கிற பாரம் சிப்பாய் தலையில் இல்லை, இல்லை என்று சொல்கிற போர்டுதான் காரணம் எழுத வேண்டும். மனச்சிதைவு என்று வெளியே அனுப்பப்பட்ட ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் இதையே திரும்பவும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள், போர்டுகளும் ஒற்றை வரியில் தள்ளிக்கொண்டேதான் இருக்கின்றன. தீர்ப்பாயத்தில் ஜெயித்தவர் மேல் அரசாங்கமே அப்பீல் போகும், அந்தச் செலவில் எத்தனை பேருக்குப் பென்ஷன் கொடுக்கலாமோ.

குடி விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். குடியால் வந்த ஊனத்துக்குப் பென்ஷன் கிடையாது, அது அவரவர் கையில் இருக்கிற விஷயம் என்று விதியே சொல்கிறது. அதனால் ஏஜென்ட்டுகள் 'குடியைப் பற்றி மூச்சே விடாதீங்க' என்பார்கள். அது முட்டாள்தனம், ஃபைலில் ஏற்கெனவே இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டுதான். வியாதியின் பெயரே மதுவுக்கு அடிமை என்று எழுதப்பட்டிருந்தால் கஷ்டம். உங்களுக்கு பி.டி.எஸ்.டி. என்றே இருப்பதால் தப்பித்தீர்கள். ஆனாலும் எது முதலில் வந்தது என்று கேட்பார்கள். தூக்கமில்லை என்று எம்.ஐ. ரூமில் (யூனிட் மருத்துவ அறையில்) காட்டிய சீட்டு ஒரு மார்ச் மாதத்தில் இருந்து, குடி என்ற வார்த்தை அதே வருடம் நவம்பரில்தான் முதன்முதலாக வருகிறது என்றால் உங்கள் பக்கம் பலம். தலைகீழாக இருந்தால் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கோர்ட்டில் வைத்துத்தான் அவருக்கே முதல் தடவை தெரிய வந்தது என்று ஆகக் கூடாது. பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. ரிலீஸ் போர்டு முழு நகலும், மனநலக் கேஸ்களில் யூனிட் கமாண்டிங் ஆபீசர் எழுதும் ரிப்போர்ட்டும் வேண்டும் என்று அவருடைய சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். கையெழுத்து உங்கள் வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும், நீங்கள் போட்டால் மூன்றாம் நபர் என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டில் 'குடும்பப் பிரச்சனை' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். லீவு கேட்கும்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு வியாதிக்கே வீடுதான் காரணம் என்று எழுதியிருப்பார்கள்.

முதல் அப்பீலுக்கு ஆறு மாத அவகாசம் தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இப்போதாவது அனுப்புங்கள். ஆறு மாதத்தில் பதில் வரவில்லையென்றால், சென்னையில் இருக்கிற ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பென்ஷன் மாதாமாதம் விழ வேண்டிய பணம் என்பதால் லேட் என்று கதவைச் சாத்த மாட்டார்கள், ஆனால் அரியரைப் பெரும்பாலும் மனு போட்ட தேதிக்கு மூன்று வருடம் முன்னால்வரைதான் கொடுப்பார்கள். வெட்டியாகப் போகும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம். டிஸெபிலிட்டி பென்ஷனுக்கு என்று வாட்ஸாப்பில் வரும் புது விதிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது 2023 செப்டம்பர் 21-லிருந்து வெளியே வந்தவர்களுக்கு. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், ஊனம் உள்ளவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

மருந்தை நிறுத்தினால் கேஸ் பலமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈ.சி.எச்.எஸ்.ஸில் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில்) காட்டிக்கொண்டே இருங்கள். ராத்திரி நிலைமை கையை மீறினால் 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்), தமிழிலும் பேசுவார்கள்.

அந்த ஆளிடம் ஏற்கெனவே பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நகலும், ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால், பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிட்டு, அதில் பேங்க் கணக்கு எண்ணும் மொபைல் எண்ணும் உங்களுடையதுதானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.