வாசகர் கேள்வி பதில்: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

அப்போஸ்தலர் நடபடிகள் 10 முதல் 15 வரை உள்ள அதிகாரங்களை ஒட்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். யூதரல்லாத மக்களைப் பழைய மொழிபெயர்ப்பு ‘புறஜாதியார்’ என்கிறது, பொதுமொழிபெயர்ப்பு ‘பிற இனத்தார்’ என்கிறது. இரண்டும் ஒன்றுதான்.

கொர்நேலியுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காகப் பேதுருவை எருசலேம் சபையார் ஏன் கண்டித்தார்கள்?
– வாசகர், பாலக்கோடு

11:3-ஐ இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். அங்கே ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. விருத்தசேதனம் (ஆண்களுக்கு முன்தோல் நீக்கும் யூதச் சடங்கு) இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களோடு சாப்பிட்டீரே என்பதுதான் குற்றச்சாட்டு. முழுக்கு கொடுப்பதை விட ஒரே பந்தியில் உட்காருவதுதான் அன்றைக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் இந்த ஆறு அதிகாரங்களும் தெளிவாகிவிடும்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். பேதுரு யோப்பாவில் கடலோரமாகத் தங்கியிருந்த வீடு தோல் பதனிடுகிற சீமோனுடையது. செத்த மிருகத்தைத் தொட்டுப் பிழைப்பவர் என்று யூதர் பலர் விலக்கி வைத்த தொழில் அது. அங்கே தங்கியபோதே பேதுரு பாதி தூரம் வந்துவிட்டார் என்று சொல்லலாம். நடுப்பகல், நல்ல பசி. எல்லா வகை மிருகங்களோடும் வானத்திலிருந்து துப்பட்டி இறங்கி, ‘அடித்துச் சாப்பிடு’ என்று குரல் கேட்கும் தரிசனம் மூன்று முறை வருகிறது. செசரியாவிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களை அனுப்பிய கொர்நேலியு ரோமப் படையில் நூற்றுக்கு அதிபதி. பேதுரு தனியாகப் போகாமல் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணப்படி இரண்டு மூன்று சாட்சிகள் போதும். ஆறு பேர் என்றால், பின்னால் கேள்வி வரும் என்று தெரிந்தே போயிருக்கிறார். அங்கே பேசி முடிப்பதற்குள் பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் தண்ணீர். அந்த வீட்டிலேயே சில நாள் தங்கவும் செய்கிறார்.

ஞாயிறு பள்ளியில் இந்தப் பாடத்தை 10-ஆம் அதிகாரத்தோடு முடித்துவிடுகிறோம். 11:18 வரை கொண்டு போங்கள். அடுத்த வாரம் கலாத்தியர் 2:11–14-ஐ வாசியுங்கள். அதே பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் பின்னாலேயே போய்விட்டார். பவுல் அதை எல்லார் முன்னாலும் எதிர்த்தார். தரிசனம் கண்டவருக்கே பழக்கம் ஒரே நாளில் மாறவில்லை என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

எருசலேம் சங்கம் ரத்தத்துக்கு விலகியிருக்கச் சொன்னதே, அப்படியானால் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடலாமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதே தகராறு.
– வாசகி, தேன்கனிக்கோட்டை

கி.பி. 49 வாக்கில் கூடிய, 15-ஆம் அதிகாரத்தில் வரும் அந்தச் சங்கத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: புறஜாதியார் விசுவாசிகளாக விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டம் முழுவதையும் சுமக்க வேண்டுமா? வேண்டாம் என்று முடிவாயிற்று. நான்கை மட்டும் விலக்கச் சொன்னார்கள்: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, ரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். இதில் மூன்று சாப்பாட்டைப் பற்றியவை. லேவியராகமம் 17, 18-ஆம் அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். இஸ்ரவேலரோடு குடியிருக்கும் அந்நியரும் கைக்கொள்ள வேண்டியவை என்று கிட்டத்தட்ட இவையே வரும். கழுத்தை நெரித்துக் கொன்றால் ரத்தம் உடம்பிலேயே தங்கிவிடும், அதனால் அது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. யூத விசுவாசியும் கிரேக்க விசுவாசியும் ஒரே தட்டுக்கு முன்னால் உட்கார இது போதும் என்பதே யாக்கோபின் கணக்கு.

பிறகு என்ன ஆயிற்று? கி.பி. 177-இல் இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில், கிறிஸ்தவர்கள் குழந்தைகளைத் தின்பவர்கள் என்று பழி சுமத்தியபோது, பிப்லிஸ் என்ற பெண் சித்திரவதைக்கு நடுவே, மிருக ரத்தத்தைக் கூடத் தொடாத நாங்களா பிள்ளைகளைத் தின்போம் என்று கேட்டார். அதுவரை கட்டளை அப்படியே இருந்திருக்கிறது. சுமார் 400-இல் அகுஸ்தீன் எழுதும்போது, மேற்கில் முயலைக் கழுத்தில் அடித்துக் கொன்று சாப்பிடுவதை யாரும் பாவமாக நினைப்பதில்லை என்கிறார். யூதரும் புறஜாதியாரும் ஒரே சபையில் உட்காரும் நிலையே அங்கு போய்விட்டது, அதனால் கட்டளையின் தேவையும் போய்விட்டது என்பது அவர் வாதம். கிழக்குச் சபைகளோ 692-இல் கூடிய சங்கத்தில் ரத்த உணவைத் திரும்பவும் தடை செய்தன.

ஆக, நம் பக்கத்துக் கத்தோலிக்கரும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளும் ரத்தப் பொரியலைத் தடுப்பதில்லை. வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அவர் தட்டில் வைக்காதீர்கள். சங்கம் காப்பாற்ற நினைத்ததும் அதைத்தான்.

உறவினர்கள் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டி விருந்து வைக்கிறார்கள். போகவில்லை என்றால் மனம் நோகிறார்கள். பவுல் என்ன சொல்கிறார்?
– வாசகர், ஊத்தங்கரை

1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் பவுல் மூன்று இடங்களைப் பிரித்துப் பேசுகிறார். நாம் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வீண் சண்டை வருகிறது.

கோயில் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது முதலாவது. கொரிந்துவில் மருத்துவத் தெய்வமான அஸ்கிலேபியஸ் கோயிலை ஒட்டிச் சாப்பாட்டு அறைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். சுவரோரமாக 11 பேர் சாய்ந்து உண்ணும் அளவு அறைகள். அங்கே போய் அந்தப் பந்தியில் பங்குபெற வேண்டாம் என்கிறார். கடைத்தெருவில் விற்கும் கறி இரண்டாவது. எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார். விசுவாசியல்லாத ஒருவர் வீட்டுக்கு அழைப்பது மூன்றாவது. போக மனமிருந்தால் போங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள். ஆனால் ‘இது படைத்தது’ என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனசாட்சிக்காக விட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில், பூசை நடக்கும் இடத்துப் பந்தி வேறு, மறுநாள் சித்தப்பா வீட்டுச் சாப்பாடு வேறு. முன்கூட்டியே தனியாகப் போய்ப் பேசுங்கள். இலை போட்ட பிறகு எழுந்துவருவதுதான் உறவை முறிக்கும்.

தீத்துவுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்ற பவுல் தீமோத்தேயுவுக்கு ஏன் செய்வித்தார்?
– வாசகர், அரூர்

இருவரும் பவுலின் உடன் ஊழியர்கள். தீத்து கிரேக்கர். இரட்சிப்புக்கு இது கட்டாயம் என்று வற்புறுத்தியதால் இடங்கொடுக்கவில்லை. தீமோத்தேயுவின் தாய் யூதர். யூதர் நடுவே ஊழியத்துக்குப் போக வேண்டியிருந்ததால் செய்வித்தார். கட்டாயம் வேறு, வசதி வேறு.

ஆதிச் சபையில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள எத்தனை நாள் ஆயத்தம் கொடுத்தார்கள்? எங்கள் உபதேசியார் ஒரு வருடம் என்கிறார்.
– வாசகர், எலத்தகிரி

காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பிலிப்பி சிறைக்காவலருக்கு ஒரே இரவு. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்ட ‘திதகே’ என்ற சிறு கையேட்டில், ஜீவ வழி, மரண வழி என்ற பாடத்தை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, முழுக்குக்கு முன் ஓரிரு நாள் உபவாசம் இருக்கச் சொல்லியிருக்கிறது. முழுக்கு கொடுப்பவரும் உபவாசம் இருக்க வேண்டும். ஓடுகிற தண்ணீர் முதல் விருப்பம். இல்லையென்றால் வேறு தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் ஆகாதென்றால் வெந்நீர். எதுவுமே போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றலாம். ஒகேனக்கல்லுக்கு வண்டி பிடித்துப் போனால்தான் செல்லும் என்று சொல்பவர்களுக்கு இந்த வரிகளை வாசித்துக் காட்டலாம்.

மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் ‘அப்போஸ்தல பாரம்பரியம்’ என்ற நூல் மூன்று வருடம் கேட்கிறது. ஆனால் ஆர்வமாக இருப்பவருக்குக் காலத்தை அல்ல, நடத்தையைப் பாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. கூட்டிக்கொண்டு வந்தவர் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். தொழிலையும் விசாரித்தார்கள். சிற்பி விக்கிரகம் செய்யக் கூடாது. பள்ளி ஆசிரியர் விட்டுவிடுவது நல்லது, காரணம் பாடம் முழுக்கத் தேவர்கள் கதை. ஆனால் வேறு பிழைப்பு இல்லாதவருக்கு அனுமதி உண்டு. அந்தக் கடைசி வரியில் இருக்கிற இரக்கம் நமக்கு மிகவும் பிடித்தது.

மைக் இல்லை, கூட்டம் போட மைதானம் இல்லை. கிறிஸ்தவம் எப்படிப் பரவியது?
– வாசகர், ஓசூர்

வேலை தேடி ஊர் விட்டு ஊர் போனவர்கள் மூலமாக. ஓசூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆக்கில்லா கருங்கடல் ஓரத்துப் பொந்துவில் பிறந்தவர். ரோமாபுரி, கொரிந்து, எபேசு என்று கூடாரத் தொழிலோடு நகர்ந்தார். பவுல் அவரோடு உட்கார்ந்து அதே வேலையைச் செய்தார். லீதியாள் தியத்தீராவிலிருந்து பிலிப்பிக்கு வந்து இரத்தாம்பரம் (விலையுயர்ந்த ஊதாத் துணி) விற்றவர். அவர் வீடுதான் சபை. யூத ஜெபாலயத்துக்கு வந்து வேதத்தைக் கேட்டு, ஆனால் விருத்தசேதனம் வரை போகாமல் நின்ற கிரேக்கர்கள் எல்லா நகரத்திலும் இருந்தார்கள். பழைய ஏற்பாடு கிரேக்க மொழியில் இருந்ததால் அவர்களுக்கு அது புதிதல்ல. சங்கத்தின் முடிவு அவர்களுக்குத்தான் முதலில் கதவைத் திறந்தது.

கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு சிரியாவின் தூரா யூரோப்பஸ் நல்ல சாட்சி. சாதாரண வீடு ஒன்றில் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்து, சுமார் 70 பேர் கூடும் கூடம் ஆக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறையில் முழுக்குத் தொட்டி. அதன் மேல் நல்ல மேய்ப்பன் ஓவியம். 256 வாக்கில் ஊர் அழிந்து மண்மூடிப் போனதால் அப்படியே கிடைத்தது.

வீட்டில் கூடுவதில் ஒரு சிக்கலும் வந்தது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் சீக்கிரம் வந்து சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். வேலை முடித்து வருபவருக்கும் அடிமைக்கும் ஒன்றும் மிஞ்சாது. பவுல் சொன்ன பரிகாரம் ஒரே வரி: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் (1 கொரிந்தியர் 11:33). உங்கள் செல் குழுவில் செகண்ட் ஷிப்ட்காரர்கள் இருந்தால், அவர்கள் வரும் நேரத்துக்குப் பந்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

நடுகல்லும் கல்வெட்டும் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது. இந்தச் சம்பவங்களுக்குக் கல்லில் சாட்சி உண்டா?
– வாசகர், தருமபுரி

உண்டு. இரண்டைச் சொல்கிறோம். கிரேக்க நாட்டின் தெல்பியில் கிடைத்த, கிலவுதியு பேரரசரின் கடிதம் பொறித்த கல்லில் கல்லியோனின் பெயர் இருக்கிறது. அவர் 51–52 வாக்கில் தென் கிரேக்கப் பகுதியான அகாயாவின் அதிபதி. பவுல் கொரிந்துவில் அவர் முன் நிறுத்தப்பட்டதால், பவுலின் பயணங்களுக்கு நாள் குறிக்க இந்தக் கல்தான் அச்சாணி.

மற்றது 1871-இல் எருசலேமில் கிடைத்தது. ஆலயத்தில் புறஜாதியார் எந்த இடம் வரை போகலாம் என்று காட்ட, மூன்று முழ உயரத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தது. அதில் கிரேக்க மொழியில் பொறித்து வைத்த எச்சரிக்கைப் பலகை அது. அந்நியர் யாரும் உள்ளே நுழையக் கூடாது, பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்கிறது. எழுத்துகள் ஆழமாக, தூரத்திலிருந்து படிக்கும்படி வெட்டப்பட்டிருக்கின்றன. எபேசு ஊரான துரோப்பீமுவை அந்தச் சுவருக்கு உள்ளே கொண்டுபோனார் என்ற சந்தேகத்தில்தான் பவுலை அடித்து இழுத்தார்கள் (அப்போஸ்தலர் 21:28–29). ‘நடுச்சுவரைத் தகர்த்து’ என்று எபேசியர் 2:14 சொல்லும்போது, முதலில் வாசித்தவர்களில் ஆலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுவர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. கல் இப்போது இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.